சிவப்புச் சாவிப் பெட்டி

பூட்டு விற்கிறவனைத் தேடி ஆட்கள் வருவார்கள். "உங்கள் சாவியில் ஒன்று கொடுங்கள்" என்று அவனே கேட்டுக்கொண்டு போனால், அதே ஆட்கள் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

நான் இரண்டு வேலையும் செய்தவன். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பூட்டுப் பகுதி என் பொறுப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. விற்காத பூட்டுகளைச் செய்தித்தாளில் பரப்பிக் கழற்றி, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் விழித்து, அப்படியே படித்ததுதான்.

ஒரு சமயம் எங்கள் தெருக் குடோன் ஒன்றில் தீப்பிடித்தது. ஷட்டரை உடைத்து உள்ளே போவதற்குள் பாதிச் சரக்கு போய்விட்டது. அதன் பிறகு வியாபாரிகள் கூடிப் பேசி, கடைவாசலில் சாவிப் பெட்டி வைப்பதென்று முடிவு செய்தார்கள். பெட்டியை மாட்டுவதும் சாவிகளைக் கேட்டு வாங்கி வைப்பதும் என் தலையில் விழுந்தது. கனத்த எஃகுப் பெட்டி, சிவப்பு வர்ணம், சுவரில் நாலு போல்ட். உள்ளே அந்தக் கட்டிடத்தின் சாவிகள் இருக்கும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே சாவி. அது ஃபயர் ஃபோர்ஸ்காரர்கள் கையில் மட்டும். தீ என்றால் பெட்டியைத் திறப்பார்கள், சாவியை எடுப்பார்கள், கதவைத் திறந்து உள்ளே போவார்கள். சொல்லும்போது எவ்வளவு சுலபம்! சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடிய உங்களுக்கு, இதில் எத்தனை பாடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி இருந்தவரை எனக்கு அந்தத் தேடல் கிடையாது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை.

சுவர் யாருடையது?

கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். கீழே கடை, முதல் மாடியில் மூட்டைகள், அதற்கு மேலே ஒற்றை அறையில் ஒரு குடித்தனம். மாடிப்படி கடைக்குப் பக்கத்தில் தெருவிலிருந்தே ஏறும். அதற்கு ஒரு கம்பிக் கேட்.

பெட்டியை மாட்டி முடித்ததும், அண்ணாச்சி ஷட்டர் சாவியையும் குடோன் சாவியையும் மூன்று தடவை எண்ணிப் பார்த்து உள்ளே வைத்தார். மூடியை அழுத்தினேன். 'டக்'கென்று விழுந்தது. "சரி, இப்பத் திறந்து காட்டும்" என்றார். என்னால் முடியாது என்றேன். "நான் திறக்கலாம்லா?" என்றார். அவராலும் முடியாது என்றேன். விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "சுவரு என்னுது, பெட்டி என்னுது, உள்ள கெடக்க சாவியும் என்னுது, நான் மட்டும் அந்நிய ஆளாவே?"

மேல்மாடி

கேட்டின் சாவி அண்ணாச்சியிடம் இல்லை. மேலே குடியிருந்த முருகனிடம் இருந்தது. முருகன் துணிக்கடையில் வேலை பார்ப்பவன். கூட இருப்பது அவன் அப்பா இசக்கிமுத்து மட்டும். ஒரு காலத்தில் இந்தத் தெருவிலேயே மூட்டை சுமந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படியில் சரக்கு கிடப்பதால் கேட் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு. காலையில் அப்பாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு முருகன் கேட்டைப் பூட்டிக்கொண்டு போவான். மத்தியானம் சோறு கொடுக்க வருவான், மறுபடி பூட்டுவான். பகல் முழுக்க அந்த மனிதர் பூட்டுக்கு அந்தப் பக்கம்.

"வேற வழியில்லண்ணே" என்றான் முருகன், நான் கேட்காமலே. அந்தக் கேட்டின் மாற்றுச் சாவியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்த அன்றுதான், நான் மாட்டிய பெட்டிகளில் இது சரக்குக்காக மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது. மேலே போய் இசக்கிமுத்து அண்ணனிடமும் விவரம் சொன்னேன். படுத்தபடியே வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "நான் சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போயிருவேன்னு அவனுக்குப் பயம், தம்பி."

சந்தனம்

மாதம் ஒரு முறை சஜி என்ற தீயணைப்பு வீரரும் நானும் பெட்டி பெட்டியாகப் போவோம். ஒவ்வொரு சாவியையும் எடுத்து, அந்தந்தக் கதவில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்போம். ஆயுத பூஜை முடிந்த வாரம் போனால், தெருவிலுள்ள அத்தனை பெட்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும். தராசுக்கும் கல்லாவுக்கும் வைத்தவர்கள் இதற்கு மட்டும் ஏன் குறை வைக்க வேண்டும்? நல்ல மனதோடு, பொட்டு வைக்கத் தோதான இடம் பார்த்து, சாவித் துவாரத்திலேயே வைத்திருந்தார்கள். காய்ந்து கல்லாகிவிட்டது. சஜி ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னது: "பெட்டியைத் தொழுதது சரி, அண்ணா. கண்ணை அடைச்சு வச்சா அது எங்ஙனே காணும்?"

மாமியின் யோசனை

பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து ஒரு மாமி கூப்பிட்டார். தனியாக இருப்பவர். கொத்தில் பதினோரு சாவிகள், எதிலும் அடையாளம் இல்லை. எது எந்த அறைக்கு என்று எழுதிக் கட்டிவிடலாம் மாமி, அவசரத்தில் வருகிறவர்களுக்குத் தெரியாதே என்றேன். மாமிக்கு அது வீண் வேலையாகப் பட்டது. வீட்டுக்குள் தீப்பிடித்தால் வீட்டுக்குள்தான் அவரும் இருப்பார் என்பதை நான் சொல்லத் தயங்கி நின்றேன். அவர் தெம்பாகச் சொன்னார்: "அவா வந்து கேக்கட்டும், ஒண்ணொண்ணா நான் எடுத்துக் குடுக்கறேன். நான் எங்கே போயிடப் போறேன்?"

ஏழு லீவர்

ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் பொங்காலை நெருங்கிய நேரம். சஜிக்குப் பொங்காலை டியூட்டி ஏற்பாடுகள் இருந்ததால், அந்த மாதச் சோதனையைத் தள்ளிப் போட்டோம். அந்த வாரம்தான் முருகன் எங்கள் கடைக்கு வந்தான். கூட்டமான நேரம். நல்ல பூட்டாக ஒன்று வேண்டும் என்றான். பூட்டு என்று வந்துவிட்டால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏழு லீவர் பூட்டை எடுத்து வைத்து, கடப்பாரையால் அடித்தாலும் அசையாது என்றேன், கொக்கியின் கனத்தைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். எந்தக் கதவுக்கு என்று மட்டும் கேட்கவில்லை. முருகனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பூட்டைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு மனநிறைவோடு போனான். "இதைப் போட்டா இனி நிம்மதியா இருக்கலாம்ணே."

புகையோடு புகை

பொங்காலை அன்று எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைகள் எல்லாம் அடைப்பு. தெரு முழுக்க மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பானை, ஒரு பெண். நடக்க ஒற்றையடிப் பாதை கூட இருக்காது. என் மனைவி இருந்த வருடங்களில் நானும் செங்கல் சுமந்து இடம் பிடித்தவன். அன்று அண்ணாச்சியும் நானும் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். முருகன் ஒரு கேனை எடுத்துக்கொண்டு தெருவின் மறுகோடிக்குப் போயிருந்தான். அடுப்பு பற்ற வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஊரே புகை. எல்லார் கண்ணிலும் தண்ணீர். அண்ணாச்சியின் முதல் மாடி ஜன்னலிலிருந்து வந்த புகையும் அதில்தான் கலந்தது. நாங்கள் அதற்கு நேர் கீழே நின்று மோர் ஊற்றினோம்.

கண்டுபிடித்தது பாலராமபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண். தும்மினாள், இருமினாள், சுற்றியிருந்த பானைகளை ஒவ்வொன்றாகச் சந்தேகமாகப் பார்த்தாள். அங்கே வெந்தது எல்லாம் வெல்லப் பாயசம். பிறகு கோபமாகக் கத்தினாள்: "ஆரோ பாயசத்தில் முளகு இட்டிருக்குந்நு!"

நல்ல பூட்டு

முளகு என்றால் மிளகாய். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார், கையிலிருந்த செம்பு விழுந்தது. "மேல கெழவன் கெடக்கானே!" என்றார். குடோனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீயணைப்பு வண்டி கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. ஆனால் அடுப்புகளுக்கு நடுவே அது எப்படி வரும்? சஜியும் மூன்று பேரும் தீயணைப்பு சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு பானைகளைத் தாண்டி ஓடி வந்தார்கள். உடைக்கிற கருவி எல்லாம் வண்டியில். சஜி பெட்டியைத் திறந்தார். ஷட்டர் சாவி திரும்பியது. ஒருவர் உள்ளே போய் மெயினை அணைத்தார். சஜி கேட் சாவியைப் பூட்டில் போட்டார். "அண்ணா, இது திரும்பணில்லல்லோ!" என்றார். நான் பூட்டைப் பார்த்தேன். பளபளவென்று, புதிதாக, ஏழு லீவர். முருகனுக்குப் போன் போட்டால் அந்தக் கூட்டத்தின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? மேலேயிருந்து இருமல் கேட்டது. அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அண்ணாச்சி கடைக்குள் ஓடி, தராசுப் பக்கம் கிடந்த இருபது கிலோ எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். சஜி அதை வாங்கி அடித்தார். நான் சொன்னது பொய்யில்லை, பூட்டு அசையவில்லை. ஆறாவது அடியில் கேட்டிலிருந்த கொண்டிதான் பிய்ந்து வந்தது. இரண்டு பேர் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மேலே ஓடினார்கள். சஜி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொண்டியோடு தொங்கிய பூட்டைப் பார்த்து, என்னிடம் கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நல்ல பூட்டு, அண்ணா. இது ஆரு கொடுத்தது?"

தெருவில் ஒரு நாற்காலி

ஒருவர் முதுகில் இசக்கிமுத்து அண்ணன் இறங்கி வந்தார். கண்ணும் மூக்கும் ஒழுகின, மூச்சு இருந்தது. குடோனைத் திறந்து சிலிண்டர்களாலேயே தீயை அணைத்துவிட்டார்கள்; எரிந்தது நாலைந்து மூட்டைதான். அதற்கே அவ்வளவு நெடி. ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ் நடந்தே வந்து பார்த்து, பயமில்லை, காற்றோட்டமாக உட்கார வையுங்கள் என்றார். அண்ணாச்சியின் பிளாஸ்டிக் நாற்காலியில், அடுப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தோம். முருகன் காலி கேனோடு ஓடி வந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். புதுப் பூட்டின் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. நான் அவன் பக்கத்தில் குந்தி, எந்தக் கதவுக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றா, இல்லை என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிற்பகலில் தீர்த்தம் தெளித்து முடிந்ததும், பாலராமபுரத்துப் பெண் ஓர் இலைத்துண்டில் பாயசம் கொண்டுவந்து பெரியவர் வாயில் ஊட்டினாள். கூட்டம் கலையத் தொடங்கியது. மேலேயும் புகை அடங்கிவிட்டது, போகலாமா அப்பா என்று முருகன் கேட்டான். அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தரம் பார்த்தார். "மூணு வருசம் கழிச்சு இன்னைக்குத்தாம்ல தெருவைப் பாக்கேன். கொஞ்சம் பைய கொண்டு போங்க."

பின்னறை

அடுத்த வாரம் அண்ணாச்சி கடைக்குப் பின்னாலிருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். பின்பக்கத் தெருவைப் பார்த்த ஜன்னல். பூட்டிப் போக அவசியமில்லாத கதவு. வாடகை பேசவில்லை. நான் பாராட்டிப் பேச வாயெடுத்தேன். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. "சும்மா கெடயும்வே. யாராவது ஒரு ஆளு கடைக்குப் பின்னால இருமிக்கிட்டு இருந்தாத்தான் எலி வராது."

இப்போது பூட்டு கேட்டு யார் வந்தாலும் "எந்தக் கதவுக்கு?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்; இவன் திருடனுக்குத் துப்புக் கொடுப்பவன் போலிருக்கிறது என்று பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள்.