சேற்றில் புதைந்த கால்

பத்து வருஷம் மாடிகளில் சோலார் தகடு பொருத்தியவள் அவள். உயரம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடலோரச் சேற்றுவெளியில் தூண் நட்டு அமைக்கும் சோலார் மின்நிலையத்துக்கு அவளை மாற்றிய பிறகுதான் பயம் வந்தது. அங்கே கடல்நீர் வடிந்திருக்கும் நான்கு மணி நேரம் மட்டுமே வேலை.

ஒரு நாள் காலை, கடைசித் தூணில் கேபிளை இறுக்கிவிட்டுத் திரும்பியபோது வலது கால் முழங்கால்வரை புதைந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வருவதைப் பார்த்ததும் குரல் கொடுத்தாள்.

கூட வேலை பார்க்கும் வெல்டர் படகிலிருந்து பலகையோடு ஓடிவந்து, அதை அவள் முதுகுப் பக்கம் போட்டார்.

"அக்கா, நிக்காதீங்க. அப்படியே மல்லாந்து படுங்க."

"படுத்தா மூழ்கிடுவேன் தம்பி."

"நின்னாத்தான் மூழ்குவீங்க. சொல்றதைக் கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகளின் முகம் வந்து போனது. வெல்டர் கையாலேயே அவள் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்டினார். தண்ணீர் அவள் காதைத் தொட்டபோது, பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டுக் கால் வெளியே வந்தது.

"பூட்ஸ் எங்கேன்னு ஆபீஸ்ல கேப்பாங்க," என்றார் வெல்டர், படகில் ஏறியதும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளும் வேலைக்குப் போனாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வெல்டர் கையில் கொடுத்த பிறகே படகைவிட்டு இறங்கினாள். வேலை முடியும்வரை அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை.