அக்கா புள்ளி போட்ட கடற்கரைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எந்த இடத்தில் இரண்டு சுழி, எந்த இடத்தில் மூன்று சுழி என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசித்துத்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். ஜேர்மன் பள்ளிக்கூடத்திலும் நாலாம் வகுப்பு வரைதான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனேன், படிக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். பிழைகளை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இது என்னுடைய கதை என்பதை விட அக்காவின் கதை. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். “இந்த முறையாவது கேட்டியே” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. ஜேர்மனியில் ஹம் நகரில் இருந்தோம். அப்பாவுக்குக் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலை. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். எங்கள் வீட்டில் பயணம் என்றால் லண்டனுக்கோ பாரிசுக்கோ போய், சொந்தக்காரர் வீட்டு நிலத்தில் வரிசையாகப் படுத்துவிட்டு வருவதுதான். அப்பாவோடு வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் வருடாவருடம் லன்சரோத்தே என்ற எரிமலைத் தீவுக்குப் போய்க் கறுத்து வருவார். அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒக்டோபர் விடுமுறைக்கு ஒரு வாரம் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னார். அம்மாவுக்கு விளங்கவே இல்லை.

“அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்கு இஞ்சேருங்கோ போறது?”

அப்பா பேச்சை மாற்றினார். எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதைப் பிள்ளைகள் தெரிவு செய்யட்டும் என்று சொல்லி, பயண நிறுவனம் கொடுத்த படப் புத்தகத்தை எங்களிடம் தந்துவிட்டார்.

அக்கா கணக்குக் கொப்பியில் கட்டம் கீறினாள். பக்கவாட்டில் கடற்கரைகளின் பெயர். மேலே எங்கள் நாலு பேரின் நிபந்தனைகள். அம்மாவுக்குக் கழிப்பறையும் நிழலும் வேண்டும், உடுப்பில்லாமல் குளிக்கிற ஆட்கள் இருக்கக்கூடாது. அப்பாவுக்கு நல்ல தெரு வேண்டும். வாடகைக் காரின் அடியில் கல் பட்டால் காப்புறுதி பணம் தராதாம். எனக்குக் கறுப்பு மணலும், தண்ணீரில் மிதக்கும் எரிமலைக் கல்லும். அக்காவுக்கு ஒன்றே ஒன்று: நீந்த வேண்டும். பள்ளிக்கூட நீச்சலில் அவள் வெள்ளிப் பட்டை வாங்கியிருந்தாள். எனக்கு நீந்தத் தெரியாது. தீவின் தெற்கே பாறைகளுக்கு நடுவில் மஞ்சள் மணலோடு ஒரு சின்னக் குடா இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. “உனக்கு இதிலைதான் பழக்குவன்” என்று அதன் படத்தில் விரலை வைத்துச் சொன்னாள். அங்கே போகும் தெரு முழுக்கக் கல். இருந்தும் அதற்கு அவள் போட்ட புள்ளி ஒன்று.

கடைசிக் கட்டத்தில், பள்ளிக்கூடத்தில் போடுவது போல, எல்லாக் கடற்கரைக்கும் புள்ளி இருந்தது. ஞாயிறு இரவு தீவில் இறங்கினோம். திங்கள் காலை அப்பா கொப்பியைத் தானே விரித்துப் பார்த்து, ஒருவரையும் கேட்காமல் காரை வடக்கே விட்டார். அந்தக் கடற்கரையில் காற்று எங்களை நிற்க விடவில்லை. மணல் வந்து முகத்தில் குத்தியது. சிவப்புக் கொடி பறந்தது. அம்மா கட்டிக்கொண்டு வந்த புட்டில் பாதி மணல்.

“இதுக்கோ ஐஞ்சு புள்ளி போட்டனி?” என்று அப்பா கத்தினார்.

அக்கா மணலில் குந்தி இருந்து சிரித்தாள். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் ஒன்றுதான் சிறந்த புள்ளி. ஐந்து என்றால் தோல்வி. யாழ்ப்பாணத்தில் படித்த அப்பா, கூடின புள்ளி நல்லது என்று நினைத்து, பட்டியலிலேயே மோசமான கடற்கரைக்கு எங்களைக் கொண்டுவந்திருந்தார். அன்று எல்லோரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை என் கடற்கரை. கறுப்பு மணல், மணலுக்குப் பின்னால் எரிமலைச் சுவரின் கீழ் பச்சை நிறத்தில் ஒரு குளம். நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்து உணவகத்தின் கழிப்பறைக்குப் போனாள். பிறகு அம்மா போனார். நீண்ட நேரம் இருவரும் வரவில்லை. வந்தபோது அக்காவின் இடுப்பில் அம்மாவின் சால்வை சுற்றியிருந்தது. அம்மா அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடாமலே தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினோம். ஏன் என்று கேட்டேன். “அக்காவுக்குச் சுகமில்லை” என்றார் அம்மா.

அக்கா பெரியபிள்ளையாகிவிட்டாள் என்பது வாசிக்கிற உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது நான் கண்டதுதான். வாடகைக்கு எடுத்த இரண்டு அறையில் ஒன்று முழுவதும் அக்காவுக்கு. நாங்கள் மூன்று பேரும் மற்றதில். அவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. அம்மா இரும்புத் துண்டு ஒன்று கேட்க, அப்பா காரின் பின்பெட்டியிலிருந்து சில்லுக் கழற்றும் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா படுத்தாள். நோய் வந்த வருத்தக்காரருக்கு ஏன் சில்லுத் திறப்பு என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

அடுத்த நாள் அப்பாவும் நானும் நல்லெண்ணெய் தேடி அலைந்தோம். கடை கடையாக ஒலிவ் எண்ணெய்தான் இருந்தது. கடைசியில் ஒரு சீனக் கடையில் சின்னக் குப்பியில் எள்ளெண்ணெய் கிடைத்தது. கறுப்பாக இருந்தது. அம்மா மணந்து பார்த்து, “வறுத்த எள்ளு. பரவாயில்லை, எள்ளுத்தானே” என்றார். அன்றைக்கே பச்சை முட்டையை உடைத்து அக்காவின் வாயில் விட்டார். பிறகு அதே முட்டைக் கோதில் அந்த எண்ணெய். அக்கா ஓங்காளித்து ஓடினாள்.

வியாழன் அன்று அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு அம்மாவும் அப்பாவும் உள்ளே போய், மூன்று பேரும் பேசியது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

“ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. மண்டபம், வீடியோ, பல்லக்கு ஒண்டும் வேண்டாம். என்னை மேடையிலை வைச்சுக் காட்டினா நான் வரமாட்டன்.”

“சொல்லாமல் விட்டால் சனம் என்ன கதைக்கும் பிள்ளை?”

“சனத்துக்கு ஆர் சொல்லுறது?” இது அப்பா. “நீர் சும்மா இரும். இஞ்சை எங்களை ஆருக்குத் தெரியும்?”

அக்கா தன் வகுப்பில் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதாள். போன வருடம் அந்தப் பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிக் கொண்டுவந்தார்களாம். வகுப்புப் பையன்கள் இன்னும் அவளைக் கண்டால் தூக்குகிற மாதிரிச் செய்து காட்டுகிறார்களாம். நானும் அந்த மண்டபத்துக்குப் போயிருந்தேன். அது பிறந்தநாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேரம் நெடுநேரம் நடந்தது. முடிவு இதுதான்: திரும்பிப் போகும்வரை அக்கா முட்டையையும் எண்ணெயையும் மறுக்காமல் விழுங்குவாள். பதிலுக்கு ஒருவருக்கும் சொல்வதில்லை. சனிக்கிழமை, கல்லுத் தெருவானாலும், ஒன்று வாங்கிய குடாவுக்குப் போவது. தலைக்குத் தண்ணீர் வார்க்கும் முன் கடலில் இறங்க விட ஏலாது என்று அம்மா சொல்லிப் பார்த்தார். “உப்புத் தண்ணியும் தண்ணிதானே” என்றார் அப்பா. அக்கா முட்டையை ஒரே மூச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

கதவுக்கு வெளியே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒருவருக்கும் சொல்லக்கூடாத வருத்தம் என்றால் சாகிற வருத்தமாகத்தான் இருக்க வேண்டும். வைத்தியரிடமும் கொண்டுபோகவில்லை. முட்டை கொடுக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனார். எங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை ஹம்மில் பெரியம்மாவிடம் கொடுத்திருந்தோம். அவர் அம்மாவின் மூத்த சகோதரி, அடுத்த தெருவில் குடியிருந்தார். அப்பா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என்னிடம் ரிசீவரைத் தந்து, சில்லறை மாற்ற எதிர்க்கடைக்குப் போனார்.

“தம்பி, எப்பிடியடா? கடல்லை இறங்கினியளோ?”

“நான் இறங்கினனான். அக்காவை அம்மா விடேல்லை. அக்காவுக்குச் சுகமில்லை.”

“என்ன செய்யுது?”

ஒருவருக்கும் சொல்லக்கூடாதுதான். ஆனால் பெரியம்மா எனக்கு ‘ஒருத்தர்’ இல்லை. எங்கள் வீட்டுத் திறப்பை வைத்திருப்பவர். அவர் நினைத்தால் எதையும் சரிப்பண்ணுவார்.

“தெரியேல்லை. அம்மா பச்சை முட்டையும் எண்ணெயும் குடுக்கிறா. படுக்கேக்கை இரும்பு வைச்சிருக்கினம். பெரியம்மா, நீங்கள் ஏதாவது செய்யுங்கோ.”

அந்தப் பக்கம் குரல் மாறியிருந்தது.

“எப்ப துவங்கினது, அப்பு?”

“செவ்வாய்க்கிழமை.”

“எத்தினை மணிக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லு ராசா.”

வைத்தியர்கள் இப்படித்தான் கேட்பார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. “சாப்பாட்டுக்கு முதல். பச்சைக் குளத்தடியிலை. பன்னிரண்டு இருக்கும்” என்றேன். பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். அக்காவுக்குச் சுகமில்லை என்பதற்கு ஏன் சிரிக்கிறார் என்று கேட்பதற்குள் காசு தீர்ந்து தொலைபேசி நின்றுவிட்டது. அப்பா ஓடிவந்தார். “காசு முடிஞ்சிட்டுது” என்றேன். அது பொய்யில்லை.

சனிக்கிழமை அந்தக் கல்லுத் தெருவில் அப்பா நடை வேகத்தில் காரை ஓட்டினார். மூன்று தடவை இறங்கிப் படுத்து அடியைப் பார்த்தார். குடா படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. ஓர் ஓரத்தில் வயதான ஜேர்மன் சோடி ஒன்று உடுப்பில்லாமல் வெயில் காய்ந்தது. “அங்காலை பாக்காதையுங்கோ” என்று அம்மா எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னார். அக்கா நீச்சல் உடுப்புக்கு மேலே அப்பாவின் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நேராக வெளியே நீந்திப்போனாள். அம்மா எழும்பி நின்று கூப்பிட்டார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா திரும்பி வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

“வா, இப்ப உன்ரை முறை” என்று என்னை நெஞ்சளவு தண்ணீருக்குக் கூட்டிப்போய் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். முதுகுக்குக் கீழே அவள் கை. “வயித்தை இறுக்காதை. நான் பிடிச்சிருக்கிறன்.” காதுக்குள் தண்ணீர் போனது. மேலே வானம். அவளுக்கும் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“அக்கா, நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. உனக்குச் சுகமில்லை எண்டு பெரியம்மாவுக்குச் சொல்லிட்டன்.”

கை போய்விட்டது. நான் மூழ்கினேன். மூக்கு, வாய், கண் எல்லாம் உப்பு. ஒரு கணத்தில் என் தோளைப் பிடித்து மேலே இழுத்தாள். நான் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“முட்டை குடுக்கிறதையும் சொன்னியா?”

“ஓம். எத்தினை மணி எண்டும் கேட்டவ.”

அவள் கரையைப் பார்த்தாள். அப்பா தோடம்பழம் உரித்து அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி மறுபடியும் வெளியே நீந்தினாள். இந்த முறை கன தூரம். அப்பா சீழ்க்கை அடித்துக் கூப்பிடும்வரை வரவில்லை.

அடுத்த நாள் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் பெரியம்மா பூச்சரத்தோடு நின்றார். பக்கத்தில் பான் நகரிலிருந்து வந்த மாமா குடும்பம். மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாகிவிட்டது. அம்மா அப்பாவை முறைத்தார். அப்பா அம்மாவை முறைத்தார். மற்றவர்தான் சொல்லிவிட்டார் என்று இருவருமே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு மாதத்தில் விழா நடந்தது. மண்டபம் கொள்ளாத சனம். அக்காவின் வகுப்பு ஆசிரியைகூட ஒரு பரிசோடு வந்திருந்தார். எனக்குப் பட்டு வேட்டி, கையில் பலகாரத் தட்டு. அக்காவுக்கு வருத்தம் மாறிவிட்டது, அதற்காகத்தான் இத்தனை பேரும் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நேரத்துக்குச் சொல்லி அவளைக் காப்பாற்றியது நான்தான் என்பது எங்கள் இருவருக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும்தானே தெரியும். பெருமையில் எனக்குத் தட்டுப் பாரமே தெரியவில்லை. மேடையில் ஏறி, பட்டுச்சேலையோடு சோடித்து வைத்திருந்த அக்காவின் காதில் மெல்லச் சொன்னேன்:

“எனக்கு நன்றி ஒண்டும் சொல்லத் தேவையில்லை.”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண் மை கரைந்து வழிந்தது. பெரியம்மா ஓடிவந்து துடைத்துவிட்டார். வீடியோக்காரர் அதை முழுவதும் எடுத்திருக்கிறார். அதைப் போட்டுப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும், பிள்ளைக்கு அன்றைக்கு என்ன சந்தோசம் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹம், 12 ஒக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை