'காத்திரு' என்று ஒரு கட்டளை

தொலைபேசி வழியாக வெளியூர்க் கணினியோடு பேசும் வேலையில், நாம் சொல்வதைவிட எதிர்முனை சொல்வதற்காகக் காத்திருப்பதே அதிகம். மோடம் கிறீச்சிட்டு அடங்கிய பின் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் வேலை பார்த்தேன். தினமும் பிற்பகலில் பெங்களூரு நூல் வியாபாரியின் கணினிக்குள் நுழைந்து, தறிகளுக்கு வேண்டிய நூலுக்கு ஆர்டர் போட வேண்டும். என் மனைவி சரோஜாவுக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்கு வேலூர் போகும் நாட்களில் கூட இருக்க என்னைத் தவிர ஆள் இல்லை. நான் இல்லாமலே ஆர்டர் போக வேண்டும். அதற்காகவே மென்பொருளோடு வந்த கையேட்டைப் புரட்டிப் புரட்டி, கணினி தானாகப் பின்பற்றும் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றேன். இந்த வார்த்தை திரையில் வரும்வரை காத்திரு, வந்ததும் இதை அனுப்பு. அவ்வளவுதான் அதன் பாடம்.

வால் போதும்

உள்ளே விடும் முன் பெங்களூருக் கணினி பெயர் கேட்டுக் காட்டும் 'லாகின்' என்ற முழு வார்த்தைக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் லைன் இரைச்சலில் முதல் எழுத்து அடிக்கடி சிதைந்து ஏதோ ஒரு குறியாக வரும். மனிதன் ஊகித்துக்கொள்வான். ஸ்கிரிப்டோ அசையாமல் நின்றுவிடும். கடைசியில் முதல் எழுத்தை வெட்டிவிட்டு, மிச்சம் வந்தாலே போதும் என்று மாற்றினேன். அன்று ஆர்டர் போனது.

பின்னால் நின்று பார்த்த முதலாளி சொன்னார்: "வாலை மட்டும் பாத்து மாடு புடிக்கிறவனை இன்னிக்கித்தான்யா பாக்கறேன்."

அறுந்த லைன்

மோடம் இருந்த அதே லைனில் கடையின் போன் ஒன்றும் இருந்தது. சேத்துப்பட்டிலிருந்து நூல் வாங்க வந்த நெசவாளர் ஏகாம்பரம், வீட்டுக்குப் பேசலாம் என்று அதை எடுத்துவிட்டார். அவர் காதில் மோடத்தின் அலறல். இங்கே தொடர்பு போய்விட்டது. 'இணைப்பு இல்லை' என்று மோடம் காட்டும் வரியையும் கவனித்து, அது வந்தால் மறுபடி டயல் செய்ய அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஏகாம்பரம் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இழை அறுந்தா நாங்களும் பிணைச்சிகினுதாங்க போறோம். ஆனா எங்க தறி இப்படிக் கத்தாதுங்க."

பூஜையில் இருந்த பெட்டி

ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் தறியைத் தொட மாட்டார்கள். கடைக் கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார் முதலாளி. "யாரும் தொட வேண்டாம், தானாகவே ஆர்டர் போய்விடும்" என்று சொல்லிவிட்டு நான் சரோஜாவோடு வேலூர் போய்விட்டேன்.

டயாலிசிஸ் தொடங்கும் முன் ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து மோடம் இல்லாத, கடையின் இன்னொரு லைனுக்குப் பேசினேன். காவலுக்கு இருந்த கணக்கர் வரதன் திரையைப் படித்தார். பெங்களூருக்காரர்கள் பண்டிகை வாழ்த்து போட்டு, தொடர ஏதாவது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். என் ஸ்கிரிப்டுக்கு அந்த வரி தெரியாது. ஆர்டர் போகாவிட்டால் அடுத்த வண்டியில் நூல் வராது, தறிகள் நின்றுவிடும். சரோஜாவை விட்டுவிட்டு நான் பஸ் ஏற வேண்டும். ஒரு பட்டனை அழுத்தச் சொன்னேன்.

"பூஜைல இருக்கிற பெட்டியைத் தொட்டா முதலாளி பேஜார் பண்ணிடுவாருப்பா" என்றார்.

சரோஜா ரிசீவரை வாங்கினாள். "அண்ணா, சரோஜா பேசறேன். இன்னிக்கு ஒரு நாள் இவரு என்கூட இருக்கட்டும்ணா. அழுத்திடுங்க."

அங்கே ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். பிறகு வரதனின் குரல் எனக்கும் கேட்டது: "அழுத்திட்டேன்மா. ஓட ஆரம்பிச்சிடுச்சி. கையெல்லாம் குங்குமம்."

நாலு மணிக்கு மேல்

அடுத்த மழைக்காலத்தில் சரோஜா போய்விட்டாள். காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். ஸ்கிரிப்ட் தவறாமல் டயல் செய்தது, காத்திருந்தது, நாலு மணிக்குள் ஆர்டரை அனுப்பியது. அது எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பிற்பகல்களோடு நான் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வேலூர் பஸ் கடையைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கும்.

வரதன் விளக்கை அணைக்க வந்து நின்றார். "அதான் தானா ஓடுதே. யாருக்காகப்பா உக்காந்துகினு இருக்கே?"

எந்த வரிக்கும் இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று கெடு வைத்துக்கொள்ளாத ஸ்கிரிப்ட் உருப்படாது என்கிறது கையேடு. ஸ்கிரிப்டுக்கு மட்டும்தான் கெடு வைக்க முடிந்தது.