ஞானஸ்நானப் புத்தகமும் நான் நிறுத்திய கல்யாணமும்

பங்குக்கோயிலில் உபதேசியார் வேலை என்பது பாதி நாள் ஜெபம் சொல்லிக் கொடுப்பது, மீதி நாள் அடுத்தவர் வீட்டுப் பூட்டனைத் தேடுவது. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டுப் பங்கில் இருபது வருஷம் இதைச் செய்தேன். பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டித் தும்மித் தும்மியே மூக்குச் சிவந்த சக ஊழியர்களே, உங்களுக்குத் தெரியாத பாடா! ஆனால் நான் பட்டதைவிடப் படுத்தியது அதிகம். பூட்டனைத் தேடப்போய் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் சின்ன வெட்கங்களைச் சொல்லித் தைரியம் வரவழைத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த லத்தீன்

பழைய பதிவெல்லாம் வெள்ளைக்காரப் பாதிரிச் சாமிமார் லத்தீனில் எழுதி வைத்தவை. எனக்கோ லத்தீன் சுத்தமாகத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்த உபதேசியார் ஒரே ஒரு பாடம் நடத்திவிட்டு ஓய்வெடுக்கப் போனார். முதல் பெயர் பிள்ளை, அடுத்தது தகப்பன், மூன்றாவது தாய், கடைசி இரண்டும் ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தலைதொடுகிற ஞானத்தகப்பன், ஞானத்தாய். நடுவில் கிடக்கிற லத்தீனைத் தாண்டிவிடு என்றார். நானும் தாண்டித் தாண்டியே காலத்தை ஓட்டினேன்.

மணியாச்சியிலிருந்து ஒரு ரயில்வேக்காரர் தாத்தாவைத் தேடி வந்தார். பெயர் கிடைத்தது. பக்கத்தில் இருந்த நீளமான வரியைக் காட்டி, இது என்ன என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "விசேஷ ஆசீர்வாதம்" என்று அடித்துவிட்டேன். பிள்ளை பிழைக்காது என்று பயந்து வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுத்ததாக அதில் எழுதியிருக்கிறது என்று, பிறகு எங்கள் சாமி படித்துச் சொன்னார். அதற்குள் மனுஷர் அந்த வரிக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார். போகும்போது சொன்னது: "எங்க தாத்தாவுக்கு மட்டும் இம்புட்டு நீளமா ஆசீர்வாதம் போட்டிருக்காவளே, உபதேசியாரே!"

நாலு அந்தோணிமுத்து

நாகலாபுரம் பக்கமிருந்து ஓர் அம்மா தன் அப்பாவின் ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்தாள். அப்பா பெயர் அந்தோணிமுத்து. வருஷம் குத்துமதிப்பு. தேடினால் நாலு அந்தோணிமுத்து. தாத்தா பாட்டி பெயர் கேட்டேன். "ஐயான்னும் ஆத்தான்னும்தான் கூப்பிடுவோம்" என்றாள். மத்தியானம் பஸ் வேறு போய்விடும் என்று பறந்தாள். நானும் ஒருத்தரை எடுத்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். வெட்கங்கெட்ட வேலைதான். யாரை எழுதுவது என்பதற்கும் அவளே வழி சொல்லியிருந்தாள்: "நாலு பேருல குடிக்காதவரா ஒருத்தரப் பாத்து எழுதிக் குடுங்களேன்!"

பத்திரிகையில் போடப் பேர்

இனிதான் பெரிய வெட்கம். ஜெயராணி எங்கள் பங்குப் பெண், தீப்பெட்டி ஆபீசில் வேலை. மாப்பிள்ளை ஸ்டீபன், கோவில்பட்டியில் லேத் பட்டறை. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போய், அதற்கப்புறம் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் பூசையில் வாசித்தாயிற்று. ஸ்டீபன் குடும்பம் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. அவன் அப்பாவழித் தாத்தா பாக்கியநாதன் எங்கள் ஊரில் பிறந்து, சின்னப்பிள்ளையிலேயே கப்பல் ஏறியவர். அவரைப் பெற்றவர்கள் பெயர் தெரிந்தால் பத்திரிகையில் போடலாம் என்று ஸ்டீபனின் அப்பா ஆசைப்பட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

தேடினேன். பாக்கியநாதன். அடுத்த பெயர் சவேரிமுத்து, அதற்கடுத்தது ஞானம்மாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயராணியின் அப்பாவழித் தாத்தாவைப் பெற்றவர்களும் அவர்கள்தான்! அப்படியானால் இரண்டு தாத்தாமாரும் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சனியன் பிடித்த பெருமை, கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வீட்டாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். என் வாய்ச்சொல்லை நம்பி, திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை, நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் சாமி. பங்காளி வீட்டில் பெண் கொடுக்கமாட்டோம் என்று ஜெயராணியின் அப்பா எழுந்துவிட்டார். எல்லோரும் போனபிறகு அவள் மட்டும் மேசைப் பக்கம் வந்து நின்றாள். புத்தகத்தை மூடிப் பீரோவில் வைத்துக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒருக்கா பாருங்க அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

புதுச்சாமி

நான் பார்க்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றவேண்டும் என்று புதுச்சாமி அந்தப் புத்தகத்தை எடுத்தார். சின்ன வயசு, நன்றாக லத்தீன் படித்தவர். நான் பெயர்களை வாசிக்க வாசிக்க முகம் சுளித்தார். அந்தப் பக்கங்களை எழுதிய, மூன்று நான்கு வருஷமே இங்கே இருந்த வெள்ளைக்காரச் சாமி தன் வழக்கப்படி ஞானப்பெற்றோரை முதலில் எழுதி, பெற்றவர்களைக் கடைசியில் எழுதியிருக்கிறார். பாக்கியநாதன் பக்கத்தைத் திருப்பினேன். சவேரிமுத்தும் ஞானம்மாளும் தலைதொட்ட ஞானப்பெற்றோர்தான். பெற்றவர்கள் யாரோ வேறு இரண்டு பேர், ஜெயராணி வீட்டுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சாமிக்கு இந்தக் கதை தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார்: "பெத்தவங்க யாரு, ஞானப்பெற்றோர் யாருன்னு ஒவ்வொரு வரியிலயும் லத்தீன்ல தெளிவா எழுதியிருக்கே, இத்தனை வருஷத்துல யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமே உபதேசியாரே?"

ஜெயராணி வீட்டு வாசல்

போய்ச் சொல்ல எனக்கு நாலு மாசம் ஆயிற்று. மழை என்றேன், காய்ச்சல் என்றேன், தவக்காலம் என்றேன். எல்லாம் பயம். ஸ்டீபன் திருப்பூரில் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் இருந்தது. ஓலை வாசித்து நின்றுபோன பெண் என்று ஜெயராணியைக் கேட்டு அதிகம் பேர் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாளாம்.

வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, மன்னிச்சுரு தாயி என்றேன். கை நின்றது. விரலில் இருந்த பசை காய்ந்துபோயிற்று. அடித்திருந்தால்கூடத் தேவலை. ஸ்டீபனுக்கும் கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்: "அவியட்ட மட்டும் சொல்லிராதிய அண்ணாச்சி, அங்கன ஒருத்தி பிள்ளையோட நல்லா இருக்கா."

இந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதற்குப் பரிகாரமாகச் சாமி விதித்தது பத்து அருள்நிறை மரியே ஜெபம். கோயில் படி இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.