மூன்று வோல்ட் வைரவன்

மலேசியாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், 1995இல், ஒருவர் எத்தனை வோல்ட் வாங்கிப் பிழைத்தார் என்பதே அவருடைய மின்சாரப் படிப்பு. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு இருநூற்று நாற்பதில் கை வைத்தவர், பட்டதாரி. தோட்டத்து ஒயர்மேன் வைரவனோ சிரம்பானில் மூன்று வருடம் ஞாயிறு வகுப்புக்குப் போய், மூன்று வோல்ட்டில் ஓடும் மைக்ரோபிராசசரை வைத்து ஒரு கருவி வடிவமைத்திருந்தான். ரப்பர் ஷீட் காயும் புகையறையில் சூடு மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும். அதற்குத் தீனி இரண்டு டார்ச் லைட் பேட்டரி.

முதலாளி விசுவநாதன் ராசா டவுனிலிருந்து வந்து பார்த்து மெச்சிவிட்டால், நாள்கூலி வைரவன் மாதச் சம்பள டெக்னீஷியன்.

"மூணு வோல்ட்டா? என் பேரனோட பொம்மைக் காரே நாலு பேட்டரி கேக்குதுலா!" என்றார் தங்கராஜு.

"கொறைஞ்ச கரண்டுல நெறைய வேலை செய்யணும்ண்ணே. அதான் கெட்டிக்காரத்தனம்."

"நீ நெறைய டீ குடிச்சிட்டுக் கொறைஞ்ச வேலை செய்யற மாதிரியா?"

அன்று முதல் அவன் பெயர் 'மூணு வோல்ட்டு'. வைரவன் கொள்கைவாதி, நான்கு நாள் தாங்கினான். ஐந்தாம் நாள் பழைய பன்னிரண்டு வோல்ட் லாரி பேட்டரி ஒன்றைத் துடைத்துக் கருவியருகே வைத்தான், பார்வைக்கு மட்டும். இரண்டு தடித்த ஒயர்களைக் கருவியில், இழுத்தாலும் வராதபடி, உண்மையாகவே பற்றவைத்தான். மறுமுனைகளைப் பேட்டரிமேல் சும்மா சாத்தினான்.

முதலாளியின் கார் வந்தது, வேடிக்கை பார்க்கத் தோட்டமே கூடியது. சாத்திய ஒயரைத் தங்கராஜு பார்த்துவிட்டார்.

"அடப்பாவி, மாட்டவே மறந்துட்டானே!"

ஆயுளில் அவனுக்கு அவர் செய்த ஒரே உதவி அதுதான். ஒயர்களைப் பேட்டரியில் மாட்டி ஸ்பேனர் போட்டு முறுக்கினார். மூன்றுக்குக் கட்டிய சிப்புக்குள் பன்னிரண்டு புகுந்தது. டப்!

"என்னப்பா ஆச்சு?" என்றார் முதலாளி.

உண்மையைச் சொன்னால் பேட்டரி வேஷம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வைரவன் கூட்டத்தைப் பார்த்தான்.

"வோல்ட்டு பத்தலைங்க, முதலாளி."

"நான் அன்னிக்கே சொன்னேன்லா!" என்றார் தங்கராஜு.

குறையை ஒப்புக்கொள்ளும் நேர்மை முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. இருநூற்று நாற்பது வோல்ட் இயந்திரம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து, அதைக் கவனிக்க வைரவனை மாதச் சம்பளத்தில் வைத்தார்.

டெக்னீஷியன் வைரவன் மூடியைக் கழற்றினான். இருநூற்று நாற்பதை மூன்றாக இறக்கும் பெட்டி ஒன்று. அதன் காலடியில் அவனுடையதைப் போலவே ஒரு சிப்பு.

"உள்ள என்னாடா இருக்கு?" என்று எட்டிப் பார்த்தார் தங்கராஜு.

"எல்லாம் பெரிய பெரிய சாமான்ண்ணே. கிட்ட வராதீங்க," என்று அவசரமாக மூடித் திருகினான்.