உடைந்தது எத்தனையாவது எலும்பு?

போன மாரிக்கு முன்பு, கொக்கட்டிச்சோலையில் ஒரு வீட்டுக் கூரைக்குத் தகரம் அடிக்கும்போது வழுக்கி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. வலது கால் மரத்துப்போயிருந்தது. வைத்தியசாலையில் இடுப்பை மட்டும் சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புப் பகுதியில் முதலாவது முள்ளந்தண்டு எலும்பு வெடித்திருக்கிறது, ஆணி வைத்துப் பொருத்தவேண்டும், பிந்தினால் கால் வழங்காது என்றார்கள். கூரை வேலையை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. கட்டிலில் கிடந்தேன். அழுகைகூட வரவில்லை.

எங்கள் சபையின் ஜெபக்குழுவை நடத்துபவர் ரஞ்சினி அக்கா. கர்த்தரிடம் எதையும் விபரமாகக் கேட்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எத்தினையாவது எலும்பு? சரியாச் சொல்லுங்க, ஜெபிக்கணும்."

"முதலாவதாம் அக்கா."

அன்றிலிருந்து சபையே முதலாவது எலும்புக்காக ஜெபித்தது. ஆண்டவருக்கு இலக்கம் போட்டுக் கொடுக்கவேண்டுமா என்று எனக்குச் சலிப்பு. வலி பொறுக்காத ஒரு பின்னேரம், "இலக்கம் எனக்கு விளங்கேல்ல ஆண்டவரே. நோகிற இடம் உமக்குத் தெரியும்" என்றேன். என் ஜெபம் அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், ஆணி போகும் வழியைத் தீர்மானிக்க அந்த ஸ்கேன் படத்தைக் கணினி மென்பொருளில் போட்டார்கள். அது ஒவ்வொரு எலும்பையும் தனியாகப் பிரித்து, நிறம் தீட்டி, இலக்கம் கொடுக்கும். கீழேயிருந்து ஐந்து எலும்புக்கு நிறம் வந்தது. அதற்கு மேலே, விலா எலும்பு ஒட்டாத இன்னொன்று நிறமில்லாமல் நின்றது. திரும்ப ஓடவிட்டாலும் அப்படியே. வைத்தியர் கழுத்திலிருந்து முழுவதையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பில் ஐந்து இருக்கவேண்டிய எலும்பு எனக்கு ஆறு. பிறவியிலேயே அப்படியாம்.

வைத்தியர் கட்டிலடிக்கு வந்தார். "முதல் அறிக்கையில கீழ இருந்து அஞ்சு, நாலு எண்டு எண்ணி, உடைஞ்சத முதலாவது எண்டு போட்டிருக்கு. நாங்க ஒப்பரேஷன் தியேட்டர்ல விலா எலும்பில இருந்து கீழ எண்ணுவம். இத பாக்காம விட்டிருந்தா ஆணி நல்ல எலும்பிலதான் போயிருக்கும். உங்களுக்கு உடைஞ்சது ரெண்டாவது."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் சரியான எலும்பில் ஆணி வைத்தார்கள். காலில் உணர்வு மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது ஏணி ஏறுகிறேன்.

விஷயத்தைக் கேட்ட ரஞ்சினி அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப நாம இவ்வளவு நாளும் பிழையான எலும்புக்கா ஜெபிச்சது?"

"இல்ல அக்கா. ஆணி போக இருந்தது அந்த முதலாவதிலதான். அதுவும் தப்பிற்று."

அக்கா அழுதார். நானும் அழுதேன். முன்பெல்லாம் ஜெபக்குழுவுக்குப் போகாமலிருக்கச் சாட்டுத் தேடுவேன். இப்போது முதல் ஆளாகப் போய் உட்காருகிறேன்.

அந்த வைத்தியருக்கு நன்றி. அவர் கண்ணைத் திறந்த கர்த்தருக்கு என் உயிருள்ளவரை நன்றி. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறவர்களே, தெரிந்த அளவில் கேளுங்கள். நாம் பிழையாகக் கேட்டாலும் அவர் சரியாகத் தருவார்.