வேலாயி கேட்ட தகரம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், வேலாயி பேன் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயங்களின் வாசல்களில் இறங்கிவிடுவாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் எவளோ, அவள் பின்னால் போய், கேட்காமல் கொள்ளாமல் தலையை மடியில் இழுத்துக்கொள்வாள். நாலு பேன் குத்தியதும் பேச்சு மெதுவாகப் பிள்ளைகளின் படிப்புப் பக்கம் திரும்பும். ஆறாவது பேன் நசுங்கும்போது தகரம் வந்துவிடும்.

"காசு கேக்கலடி. பள்ளிக்கூடத்துக் கூரைக்குத் தகரம் கேக்குறேன். ஒத்தத் தகரம். ஒண்டியா முடியலன்னா நாலு வீடு சேந்து குடுங்க."

எழுந்து ஓட நினைப்பவளின் கூந்தல் வேலாயியின் பிடியில் இருக்கும். சரி என்று சொன்ன பிறகுதான் விடுவாள். "தலை எங்கிட்ட இருக்கையில எவ எந்திரிச்சுப் போவா?" என்று அடுத்த லயத்தில் போய்ப் பெருமையடிப்பாள்.

ஆண்களுக்கு வேறு வழி வைத்திருந்தாள். சவரத்துக்கு உட்கார்ந்து, கன்னமெல்லாம் நுரையோடு கத்திக்குக் கழுத்தை நீட்டியிருப்பவரிடம் போய்க் கேட்பாள். அந்த நேரத்தில் மாட்டேன் என்று தலையாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? பெரிய கங்காணி மாயாண்டியை அவள் மடக்கியது ஒரு சனிக்கிழமை. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, கோவணத்தோடு வெந்நீருக்குக் காத்திருந்தவர் வீட்டுக்குள் ஓடினால் தரையெல்லாம் எண்ணெயாகும், வாசலுக்கு ஓடினால் மானம் போகும். பதினான்கு தகரம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மனுஷனால் குளிக்க முடிந்தது.

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் வேலாயி. வயது நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். குரல் மட்டும் அடுத்த மலை வரைக்கும் போகும். படிப்பு வாசனை துளியும் கிடையாது. போன வருடம் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் பெருவிரலை உருட்டச் சொன்னபோது, "இதுல என்னாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். படித்துச் சொல்ல அந்த லயத்தில் ஓர் ஆள் இல்லை. எழுதிக்கொண்டு வந்தவர் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். விரலில் பட்ட மை இரண்டு நாளில் போய்விட்டது. மனத்தில் ஏறிய எரிச்சல் போகவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் அப்போது, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையில்தான் நடந்தது. கைக்குழந்தைகள் தொட்டிலில் வீறிட, அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துவார் பொன்னையா வாத்தியார். வேலாயி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் நின்றாள். பஸ் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் தேயிலைக்கு உதவாத ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைத் துரை கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. வைகாசி மழை இறங்குவதற்குள் கூரை முழுசாக ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் அங்கே நாற்று மேடை போட்டுவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். சுவரை ஆண்கள் பொழுதுபட்ட வேளைகளில் கல்லும் மண்ணும் சுமந்து தாங்களே எழுப்பிவிட்டார்கள். கூரைத் தகரத்தை மண்ணிலிருந்து எடுக்க முடியுமா?

அதுவோ எல்லாரும் கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்த வருடம். கோயில் காசைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். சங்கத்துக்குச் சந்தா. விண்ணப்பம் எழுதுகிறவருக்குத் தனியாக. ஹட்டனிலிருந்து ஒருவர் அநாதைப் பிள்ளைகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வட்டவளையிலிருந்து இன்னொருவர் அதே படத்தோடு வந்தார். அன்றிலிருந்து ரசீதுப் புத்தகத்தோடு யார் தெரிந்தாலும் கதவு சாத்திக்கொண்டது. "குடுக்குறது பெருசில்ல வேலாயி. குடுத்தது எங்க போகுதுன்னு கண்ணால பாக்கணும்" என்று அதே லயத்து நல்லமுத்து ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னார். வேலாயி அதைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் பணத்தைக் கையால் தொடவில்லை. கொடுப்பவரே கடைக்குப் போய் வாங்க வேண்டும், தலையில் சுமந்து வர வேண்டும், கொடுத்தவரின் பெயரைத் தகரத்திலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிடுவது என்று ஏற்பாடு. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு அடையாளம் எழுதும் சோலைமலை தூரிகையும் கறுப்புச் சாயமுமாக வந்து சேர்ந்தான்.

பெயர் என்றதும் கை தானாக இளகியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பறித்த கொழுந்துக்கு அன்றே கிடைக்கும் கைக்காசைச் சேர்த்து வைத்து நாலு நாலு வீடாகத் தகரம் வாங்கினார்கள். நாலு வீட்டின் பெயரையும் ஒன்றிலேயே எழுதுவதற்குள் சோலைமலைக்கு இடுப்பு ஒடிந்தது. கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கும் சரிபுதீன் நானா மட்டும் ஒரு பெட்டி ஆணியைத் தூக்கி வைத்துவிட்டு, "எம்பேரு வேணாம் புள்ள. மேல இருக்குறவனுக்குத் தெரியும்" என்றார்.

"அவருக்குத் தெரியும் நானா. துரைக்குத்தான் தெரியாது. ரெண்டு தகரமும் சேத்துக் குடுங்க" என்றாள் வேலாயி. கொடுத்தார்.

ரோட்டைப் பார்த்த பக்கம் முழுவதும் கூரை ஏறியது. மறு பக்கத்தில் எட்டுத் தகரம் போடும் இடம் மட்டும் பாக்கி. அந்த எட்டும் மாயாண்டி கங்காணி கொடுக்க வேண்டியவை. ஆறு தந்திருந்தார். மிச்சத்தை, வேலையை வந்து பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். மழைக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், கூரை ஏறிய அன்றே, தோளில் ஜரிகைத் துண்டோடு, செங்குத்துப் பாதையில் காலடியையே பார்த்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். அந்த மூலைக்குப் போய்ப் பார்த்தார், இந்த மூலைக்கு வந்து பார்த்தார். வெறும் தகரம் பளபளத்தது.

"எங்க எம்பேரு?"

"மேல இருக்குதுங்க" என்றாள் வேலாயி.

"மேலன்னா?"

"வெளிய. கூரைக்கு மேல."

தச்சரிடம் நின்று வேலை வாங்கியவள் அவள்தான். சோலைமலை அன்றைக்குத் தொழிற்சாலையில். லயத்துக் கூரைகளுக்கு வருடா வருடம் தார் பூசுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். பூசிய பக்கம்தான் மழைக்குக் காட்ட வேண்டும், அப்போதுதான் துரு ஏறாது. சாயம் பூசிய பக்கமும் அப்படித்தான் என்று, எழுத்தெல்லாம் வானத்தைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லிவிட்டாள். எழுத்து என்பது படிப்பதற்கு என்று எழுத்தே தெரியாதவளுக்கு எப்படித் தோன்றும், பாவம்!

"காக்கா படிக்கிறதுக்கா எம்பேர எழுதி வச்ச?" என்றார் கங்காணி. நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அவர் முகம் சிவந்தது. "மிச்சம் எட்டும் வராது. துரை நாத்தே போடட்டும்" என்று துண்டை உதறி, பஸ்ஸுக்கு மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினார்.

பேச்சில் யாருக்கும் சளைக்காத வேலாயி, மூச்சு வாங்க, அவர் பின்னாலேயே ஏறினாள். "ஏங்க கங்காணியாரே... ஏங்க..." இவ்வளவுதான் வந்தது. மேலே போய்ப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் திரும்பியே பார்க்கவில்லை.

பஸ் வந்து நின்றது. படியில் தொற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் முனாப் எதையும் வாய்விட்டுப் படிக்கிற ஆள். கடைப் பலகை, பயணிகளின் கடிதம், மருந்துச் சீட்டு எதையும் விடமாட்டான். பள்ளத்தைப் பார்த்தவன் உரக்கப் படித்தான். "பெரிய கங்காணி மாயாண்டி. பெரிய கங்காணி மாயாண்டி. மூணாவதும் பெரிய கங்காணி மாயாண்டி! அட, ஆறு இருக்கே! என்னாங்க கங்காணியாரே, கூரை பூரா நீங்கதான் படுத்திருக்கீங்க?"

பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்க ஜன்னலுக்குச் சாய, வண்டியும் கூடவே சாய்ந்தது. டிரைவர் கத்தினார். யாருக்குக் காது கேட்டது? தெரிந்தவன் பெயரைத் தேடி ஆளுக்கொரு தகரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கங்காணி மெதுவாகத் திரும்பினார். காலுக்குக் கீழே பள்ளத்தில் வெயில் பட்டுக் கூரை விரிந்து கிடந்தது. நடு வரிசையில் ஆறு தடவை அவர் பெயர்.

மலையில் கூரையைத்தானே முதலில் பார்க்க முடியும்! ரோடு மேலே, வீடு கீழே என்று பிறந்து வளர்ந்தவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பஸ் போய்விட்டது. கங்காணி ஏறவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் பெரிய எழுத்தா போடச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

மறுநாளே எட்டுத் தகரமும் வந்துவிட்டன. முனாப் சும்மா இருக்கவில்லை. தினமும் இரண்டு தடவை அந்தத் திருப்பத்தில் பெயர்களைப் படித்துக்கொண்டே போனான். தகரம் தராதவர்களுக்குத் தூக்கம் கெட்டது. இடமில்லை என்று வேலாயி திருப்பி அனுப்புகிற அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். மறு பக்கத்தில் பெயர் விழுந்தவர்கள், அந்தப் பக்கமும் ஒரு ரோடு வெட்டச் சொல்லித் துரையிடம் கேட்கலாமா என்று யோசித்தார்கள். உன் மூளையே மூளை என்று யாராவது புகழ்ந்தால், "பின்ன? யோசிக்காமலா செஞ்சேன்?" என்று வேலாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வாள். பொன்னையா வாத்தியாரிடம் மட்டும், "சத்தியமா துருவுக்குப் பயந்துதாங்க" என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

கடைசித் தகரம் ஏறிய நாலாம் நாள் மழை இறங்கியது. அது மலை மழை. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் வாத்தியாரின் குரல் அவருக்கே கேட்கவில்லை. பிள்ளைகள் அதற்கு மேல் கத்தினார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு சொட்டச் சொட்ட, கூடையைத் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டு வேலாயி உள்ளே வந்தாள். கையைத் துடைக்க உடம்பில் காய்ந்த இடம் ஏது? முன் வரிசைச் சிறுமி ஒருத்தியின் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டியபடி, தகரமும் தகரமும் சேரும் இடங்களுக்குக் கீழே, பிள்ளைகளின் நடுவே மெல்ல நடந்தாள்.

"இன்னும் யாருகிட்டங்க கேக்குறீங்க?" என்று வாத்தியார் சத்தம் போட்டுச் சிரித்தார்.

வேலாயி கடைசியாக ஏறிய எட்டுத் தகரத்துக்குக் கீழே போய், நீட்டிய கையோடு அசையாமல் நின்றாள். மழை வலுத்தது. திரும்பி வந்து, அந்தக் கையை வாத்தியாரின் கன்னத்தில் வைத்தாள். கை காய்ந்தே இருந்தது.